இன்னும் முடியாத இரண்டு நிமிடம்

கடவுளுக்கு அவர்கள் ஒதுக்கியது இரண்டு நிமிடம். மதிய விருந்துக்கு ஒன்றரை மணி நேரம். அச்சடித்த நிகழ்ச்சி நிரலை என் மேசைமேல் வைத்த பெண், அந்த இரண்டு நிமிடத்தையும் கொஞ்சம் சுருக்க முடியுமா என்று கேட்டாள்.

"ஆர்டிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. ஜனங்க நெளிய ஆரம்பிச்சிடுவாங்க. தொண்ணூறு செகண்டு போதாதா?"

அவள் பெயர் பெய்ட்டன். எங்கள் கல்லூரியின் புதுத் தலைவருடைய பதவியேற்பு விழாவுக்கென்றே சிகாகோவிலிருந்து கூலிக்கு வரவழைக்கப்பட்டவள். காதில் ஒரு கருவி, கையில் ஒரு பட்டியல். நல்ல பெண்தான், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம் வேறிடத்தில் இருந்தது.

"கடவுள் பேசினா கேக்கலாம்னுதான் உக்கார்றோம் பெய்ட்டன். அவசரப்படுத்தினா பேசுவாரா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே பட்டியலில் ஏதோ எழுதினாள். என்னத்தை எழுதினாளோ.

எங்கள் ஆல்டர் ஃபோர்க் கல்லூரியைக் கட்டியவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஒஹையோ மண்ணில் சோளம் விதைத்த கையோடு செங்கல்லும் சுமந்தவர்கள். இன்று ஆயிரத்து இருநூறு மாணவர்கள் இருக்கும் இடத்தில் குவேக்கர்கள் ஒன்பது பேர் மிஞ்சியிருக்கிறோம். நான் பதிவாளர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் கடிதம் அடிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையை முடித்து வைக்கிறவளும் நான்தான். எங்களுக்குப் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. சும்மா உட்கார்ந்திருப்போம். உள்ளிருந்து உந்துதல் வந்தவர் எழுந்து பேசுவார். கடைசியில் நான் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக் குலுக்கினால் கூடுகை முடிந்தது. குலுக்காதவரை முடியவில்லை. எங்களிடம் இருக்கும் ஒரே சடங்கு அதுதான்.

புதுத் தலைவர் ட்ரெவர் ஹால்ஸ்டெட்டுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பாரம்பரியம், பாரம்பரியம் என்று வாய் ஓயாமல் சொல்கிறவர். நிரலில் தன் கைப்படவே சேர்த்திருந்தார்: 'நிறுவனர்கள் வழியில் மௌனம். ஆர்டிஸ் பிக்கெட், தலைவரின் கையைக் குலுக்கி அதை முடித்து வைப்பார்.' அந்த நொடியைப் படம் பிடிக்க ஆள் தனியாக ஏற்பாடு. நானும் சரி என்று தலையாட்டி வைத்திருந்தேன். அது செப்டம்பரில்.

அக்டோபரில் அவர் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்.

இந்த வளாகத்தில் என்றைக்குமே துப்பாக்கி இருந்ததில்லை. போருக்குப் போக மாட்டோம் என்று சொல்லிச் சிறைக்குப் போனவர்களின் பெயர்கள் நூலகச் சுவரில் இருக்கின்றன. அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே இடுப்பில் துப்பாக்கி தொங்க ஒரு காவலாள் நின்றான். யாரிடமும் கேட்கவில்லை. ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான்.

மரிசெல் ஓசோரியோ டொலீடோக்காரி, கடைசி வருட மாணவி. அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மரிசெல் குவேக்கரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் முதல் வருடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் நிஜம் என்று நம்பிவிட்டாள், பாவம். தன் அறையிலிருந்த மஞ்சள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைவரின் அறை வாசலில் உட்கார்ந்தாள். பேசவில்லை, கத்தவில்லை, வழியை மறிக்கவில்லை. மூன்று நாள். மடியில் ஒரு அட்டை: 'துப்பாக்கியை எடுங்கள்.'

நான்காம் நாள் அவளை ஒரு வருடத்துக்கு இடைநீக்கம் செய்தார்கள். காரணம், இடையூறு விளைவித்தல். இடைநீக்கம் என்றால் உதவித்தொகை போச்சு. உதவித்தொகை போனால் அவள் திரும்பி வரப்போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். சனிக்கிழமைதான் பதவியேற்பு. அதுவரை விடுதியைத் தவிர வேறு கட்டடங்களுக்குள் அவள் கால் வைக்கக் கூடாது.

அந்தக் கடிதத்தை அடித்தது யார்? நான். நான்கு நிமிடம் ஆனது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருபத்தாறு வருடப் பழக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட சமாதானம்.

ஒத்திகையன்று ட்ரெவரிடம் கேட்டேன். "ட்ரெவர், அந்தப் பொண்ணு சும்மா உக்காந்திருந்தா. அதுல என்ன இடையூறு?"

"ஆர்டிஸ், இங்க எல்லாருடைய குரலுக்கும் இடம் இருக்கு. ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா? அது முடிஞ்சுபோச்சு."

"அவ குரலே எழுப்பலையே!"

அவர் என் தோளைத் தட்டினார். "நாளைக்கு அந்தக் கைகுலுக்கல் மட்டும் கொஞ்சம் நிதானமா, சரியா? படம் நல்லா வரணும்."

சனிக்கிழமை காலை வெயில் பளிச்சென்று இருந்தது. கூடுகை மண்டபத்தில் நானூறு பேர், கறுப்பு அங்கிகள், பித்தளை வாத்தியங்கள். ஊர்வலத்தின் முன்னால் ஒரு பேராசிரியர் வெள்ளிப் பூண் போட்ட குண்டாந்தடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மற்ற கல்லூரிகளில் இது வழக்கமாம். அடித்து மண்டையை உடைக்கிற ஆயுதம் குவேக்கர் மண்டபத்துக்குள் மரியாதையாக நடந்து வந்தது. என் பக்கத்தில் இருந்த வெர்னன் ஸ்டப்ஸுக்கு எண்பத்துமூன்று வயது, எங்கள் ஒன்பது பேரில் ஒருவர், பன்றிப் பண்ணைக்காரர், காது மந்தம். தான் மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார்.

"யாரை அடிக்கப்போறாங்க?" என்று கேட்டது நாலு வரிசைக்குக் கேட்டது.

முன் பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் வெர்னன், வலப்பக்கம் ட்ரெவர். எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே புல்தரையில் மஞ்சள் நாற்காலி. மரிசெல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் போலவே உட்கார்ந்திருந்தாள்.

பெய்ட்டன் தலையசைத்தாள். மௌனம் தொடங்கியது.

சத்தியமாகச் சொல்கிறேன் என்று சொல்ல எங்களுக்கு வழக்கமில்லை; ஆனால் உண்மை இது: நான் எதையும் திட்டமிட்டுப் போகவில்லை. இரண்டு நிமிடம் கழித்துக் கையை நீட்டத்தான் இருந்தேன். இரண்டு நிமிடம் ஆனது. முடிக்கச் சொல்லிப் பெய்ட்டன் விரலைச் சுழற்றினாள். என் கை எழவில்லை. கூடுகையில் கைகுலுக்குவது என்றால் நமக்குள் மனத்தாங்கல் இல்லை, ஒருமனமாக எழுந்து போகிறோம் என்று அர்த்தம். எனக்கு மனத்தாங்கல் இருந்தது. கழுத்துவரை இருந்தது.

ஐந்து நிமிடம். ட்ரெவர் என் பக்கம் சாய்ந்தார். "ஆர்டிஸ், முடிச்சிடுங்க."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

எட்டு நிமிடம். அவரே தன் கையை என் முன்னால் நீட்டினார். படம் எடுப்பவன் ஓடி வந்து மண்டியிட்டான். என் கை மடியிலேயே கிடந்தது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு எழுந்து, "நன்றி, ஆர்டிஸ். இந்த ஆழமான அமைதிக்குப் பின்..." என்று தொடங்கினார்.

"உக்காருப்பா!" என்றார் வெர்னன். யாராக இருந்தாலும் அவருக்கு நீ, வா, போதான்; மாநில ஆளுநர் வந்தபோதும் அப்படித்தான். "கூடுகை இன்னும் முடியல. அவ கை குடுத்தப்புறம் நீ பேசு."

பின்வரிசையில் மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ட்ரெவர் உட்கார்ந்தார்.

பதினைந்தாவது நிமிடம் மேடையோரமிருந்து லோயிஸ் ஹாதர்லி எழுந்தாள். அறங்காவலர் குழுவின் மூத்த உறுப்பினர், இங்கேயே படித்தவள், ஊதா நிறத் தொப்பி. ட்ரெவரைத் தேர்ந்தெடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

"அறுபத்தெட்டாம் வருஷம் நானும் அதே வாசல்ல உக்காந்தேன்," என்றாள். "போருக்கு ஆள் பிடிக்க வந்தவங்களை உள்ள விடக்கூடாதுன்னு. அஞ்சு நாள். அப்ப இருந்த தலைவர் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து குடுத்தார். வெளிய அனுப்பல." உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு என் கால்கள் எழுந்தன. "வெளிய உக்காந்திருக்கிற பொண்ணுக்குக் கடுதாசி அடிச்சது நான்தான்," என்றேன். "மௌனமா இருந்ததுக்காக அவளை அனுப்புறோம். அதே மௌனத்தை இங்க அலங்காரத்துக்கு வச்சிருக்கோம். இந்தக் கையால அந்தக் கடுதாசியை அடிச்சேன். அதே கையை இப்ப ட்ரெவருக்குக் குடுக்க என்னால முடியல."

மண்டபத்தில் யாரும் அசையவில்லை. கனமான, நல்ல மௌனம் அது. எத்தனையோ வருடமாக அந்தச் சுவர்களுக்குள் அப்படி ஒன்றை நான் உணர்ந்ததில்லை. அதை உடைத்தது ட்ரெவரின் ஒரு கண்ஜாடை. பெய்ட்டன் காதுக் கருவியில் ஏதோ சொன்னாள், பித்தளை வாத்தியங்கள் பிளிறின. எல்லோரும் அரக்கப் பரக்க எழுந்தார்கள். குண்டாந்தடி முன்னே போனது. ட்ரெவர் பதவியேற்றார். மனசாட்சியின் துணிச்சல் என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேசினார் என்று பிறகு சொன்னார்கள். துணிச்சலாம்!

நான் கேட்கவில்லை. நாங்கள் ஒன்பது பேரும் வாத்தியம் தொடங்கியதுமே வெளியே வந்து, விருந்துப் பந்தலிலிருந்து மடக்கு நாற்காலிகளை எடுத்துப்போய் மரிசெலைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்தோம். அவள் என்னைப் பார்த்தாள். கடிதத்தின் கீழ்மூலையில் அடித்தவர் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும், அவளுக்குத் தெரிந்திருக்கும். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு நிழல் விட்டாள்.

காவலாள் வந்தான். பக்கத்து ஊர்ப் பையன், முகம் சிவந்திருந்தது. "அம்மா, இங்க கூட்டமா உக்காரக் கூடாதாம். எழுந்திரிக்கச் சொன்னாங்க."

நிகழ்ச்சி நிரலை நீட்டினேன். "படிப்பா. மௌனம். முடித்து வைப்பவர் ஆர்டிஸ் பிக்கெட். அது நான்தான். நான் இன்னும் முடிக்கல. உங்க தலைவரோட விழாதான் இன்னும் நடந்துக்கிட்டிருக்கு. இது இடையூறுன்னா, அவர் அச்சடிச்சுக் குடுத்ததே இடையூறுதானே?"

இரண்டு தடவை படித்தான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டு வருகிறேன் என்று போனவன் வரவேயில்லை.

இரண்டு மணிக்கு லோயிஸ் ஒரு கையில் நாற்காலியும் ஒரு கையில் ஆப்பிள் பலகாரத் தட்டுமாக வந்து சேர்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்துப் பேராசிரியர்கள் வந்தார்கள், மாணவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நாலு மணிக்குப் பந்தலில் நாற்காலியே இல்லை. அறங்காவலர்கள் நின்றுகொண்டே காப்பி குடித்தார்கள். நாலரைக்கு மரிசெலின் அம்மா இரவல் வேனில் காலி அட்டைப்பெட்டிகளோடு வந்திறங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ட்ரெவர் வந்தார். அங்கியைக் கழற்றியிருந்தார். பின்னால் படம் எடுப்பவன். நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"ஆர்டிஸ், போதும். நாம சமாதானமா போயிடலாம். அவ விஷயத்தை அப்புறம் மறுபரிசீலனை பண்றேன்."

"எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்ல ட்ரெவர். அஞ்சு மணிக்கு அறையைக் காலி பண்ண வேண்டியது நானா? அந்தக் கையை அவகிட்ட நீட்டுங்க."

அவர் லோயிஸைப் பார்த்தார். லோயிஸ் கண்ணை மூடிக்கொண்டு தியானத்தில் இருந்தாள், அல்லது இருப்பதுபோல் இருந்தாள். ட்ரெவர் மரிசெல் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அவள் அதைப் பார்த்தாளே தவிர அசையவில்லை.

"முதல்ல கடுதாசி," என்றாள். இத்தனை நாளில் அவள் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை.

அலுவலகத்துக்கு நடந்தேன் என்று சொல்ல மாட்டேன், ஓடினேன். இடைநீக்கம் ரத்து, உதவித்தொகை தொடரும், அறை அவளுடையதே. மூன்று வரி. இதற்கும் நான்கு நிமிடம்தான் ஆனது. ட்ரெவர் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் குத்திக் கிழித்தது. மரிசெல் கையெழுத்தைப் பார்த்து, தாளை அம்மாவிடம் கொடுத்தாள். ட்ரெவர் மறுபடி கையை நீட்டினார், இந்தத் தடவை சிரிப்போடு. படம் எடுப்பவன் மண்டியிட்டான்.

"துப்பாக்கியை அனுப்பிட்டு வாங்க," என்றாள் மரிசெல். "அப்ப தர்றேன்."

மஞ்சள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். வெர்னன் என்னிடம், "என்ன சொன்னா?" என்று கேட்டார். நான் காதருகே போய்ச் சொன்னேன். மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். குவேக்கர்கள் ராஜாவுக்கே தொப்பியைக் கழற்றாதவர்கள்.

இது நடந்து பதினொரு நாள் ஆகிறது. மரிசெல் காலை பத்து மணிக்கு வகுப்புக்குப் போய்விடுகிறாள். அந்த ஒரு மணி நேரம் மஞ்சள் நாற்காலி என் பொறுப்பு. மற்ற நேரங்களுக்கு ஆள் வரிசையில் நிற்கிறார்கள். காவலாள் இன்னும் இருக்கிறான், துப்பாக்கியும் இருக்கிறது. அறங்காவலர் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது.

நேற்று பத்தேகாலுக்கு என் கைப்பேசி அடித்தது. சிகாகோவிலிருந்து பெய்ட்டன்.

"ஆர்டிஸ், விழா அறிக்கையை அனுப்பணும். எல்லாம் நிரப்பிட்டேன், ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. மௌனம் எத்தனை மணிக்கு முடிஞ்சதுன்னு போடணும்."

"அதைக் காலியாவே விட்டு வைம்மா," என்றேன்.