மேடேறிய கொடிகள்

"முசியே, புட்டியில என் அம்மா பேரைப் போடுங்க."

இதை மட்டும் முதலாளி வீட்டில் கேட்டுவிடாதே என்று அம்மா ஓடில் மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். லியோனி அதைத்தான் கேட்டாள். அதுவும் நிலவறையில், பீப்பாயிலிருந்து எடுத்த ஒயினின் முதல் மிடறை முதலாளி வர்னூ வாயில் வைத்திருந்தபோது.

வர்னூ தோட்டத்தின் தொண்ணூறு வயதுத் திராட்சைக் கொடிகள் மேட்டிலிருந்த ஓடிலின் வீட்டை நோக்கி வருடத்துக்கு நான்கு விரற்கடை நகர்ந்துகொண்டிருந்தன. பூர்கோன் வட்டாரத்து மலைச்சரிவுகளில் மழை மண்ணைக் கீழே இழுத்துப் போகும், குளிர்காலத்தில் ஆட்கள் அதைக் கூடையில் மேலே சுமப்பார்கள். அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இந்தக் கொடிகள் மட்டும் தாமாகவே மேடேறின. நிலம் அளக்கிறவர் மூன்று முறை வந்து எல்லைக்கல்லை மாற்றி நட்டுவிட்டுப் போனார். ஓடில் முப்பத்தேழு குளிர்காலம் அவற்றைக் கவாத்து செய்தவள். வெட்டிய இடத்தில் மார்ச் மாதம் எல்லாக் கொடியும் நீர் வடிக்கும். அவள் கட்டைவிரலை வைத்தால் நின்றுவிடும். அவள் காய்ச்சலில் கிடந்த வருடம் ஜூன்வரை அவை ஓர் இலை விடவில்லை.

கிழட்டுக் கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும். ஒரே குலையில் பட்டாணி அளவும் மிளகு அளவுமாகப் பழங்கள். குலையோடு பிழிந்து, சாற்றை ஓக் பீப்பாயில் விட்டு, அடியில் படியும் வண்டலைக் குளிர்காலம் முழுக்கக் கோலால் கலக்கியவள் லியோனி. தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். திஜோன் நகரில் ஒயின் தயாரிப்பு படித்து முடித்து வந்தவளுக்குக் கிடைத்தது அந்தக் கோல்தான். அந்த ஷார்டொனே வெள்ளை ஒயினில் முதலில் எலுமிச்சைத் தோலின் ருசி வரும், பிறகு வறுத்த கொட்டை, வெண்ணெய், நனைந்த சுண்ணாம்புக்கல். எல்லாம் அடங்கியபின் நாக்கின் ஓரத்தில் ஓர் உப்பு நிற்கும். கையுறை போடாமல் வெட்டுகிற ஓடிலின் வேர்வை அது என்று ஊருக்கே தெரியும். வாங்க வருகிறவர்களிடம் மட்டும் வர்னூ அதைக் கல்லின் உப்பு என்பார்.

வர்னூ ருசி பார்த்த மிடறை வாளியில் துப்பினார். "பேரா? என் குதிரைகூடத்தான் உழுவுது. அது பேரையும் போடட்டுமா?"

"குதிரை படுத்தப்ப கொடி இலை விடாம இருந்துச்சா?"

"படிச்ச திமிரு."

"ஆமா. கஷ்டப்பட்டுப் படிச்சேன், கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்."

மதிய ரொட்டியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஓடில், "வாயை மூடுடி" என்றாள். பிறகு தன் வீங்கிய விரல்களைப் பார்த்தாள். "உப்பு என்னோடதுதான், முசியே."

"கல்லோடது" என்றார் வர்னூ, கோப்பையைக் கவிழ்த்து.

மேட்டில் அம்மாவின் தரிசு நிலத்துண்டில், கொடிக்கு ஒன்றாக நானூற்றுப் பன்னிரண்டு குழிகளை லியோனி போன வாரமே தோண்டி முடித்திருந்தாள். கோலைச் சுவரில் சாய்த்தாள், அம்மாவைக் கைபிடித்து எழுப்பினாள், வெளியே நடந்தாள்.

கொடிகள் வேரோடு எழுந்து, வெட்டுவாயில் நீர் சொட்ட, வரிசை கலையாமல் பின்னால் வந்தன. தபால் வண்டி நின்று வழிவிட்டது. கோஸ் பாத்தியை மிதிக்காமல் போகச் சொல்லி ஒரு வீட்டுக்காரி கத்தினாள்; அவை சுற்றிக்கொண்டு போயின. லியோனி திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.