இரும்பை ஒதுக்கும் மிஷின்

ஏகாம்பரநாதன் நிலத்துக்குள் இறங்கிப் போன மறு வருடம், அவன் மனைவி செங்கமலம் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்குவதென்று முடிவு செய்தாள். விலை கையைக் கடிக்கக் கூடாது, பழைய காசு கிடந்தால் காட்டிக் கொடுக்க வேண்டும். இதற்கு மேல் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அவன் போனதை வடக்குப்பட்டுப் பக்கம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த நிலம் ஒரு காலத்தில் அவன் அப்பாவுடையது. கம்பெனிக்கென்று எடுத்துக்கொண்டார்கள், ஆனால் கம்பெனி வரவில்லை, சீமைக்கருவேலம்தான் வந்தது. ஏகாம்பரம் ஒரகடத்தில் பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவன். டை என்கிற கனமான இரும்பு அச்சு விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியதில் உள்ளே நீளமாக ஒரு கம்பி வைத்துத் தைத்தார்கள். நொண்டிக்கொண்டே கொஞ்ச காலம் வேலைக்குப் போனான், பிறகு கான்ட்ராக்ட் முடிந்தது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். ரூமில் சும்மா கிடக்கப் பிடிக்காமல் அந்த நிலத்தில் போய் உட்கார ஆரம்பித்தான். ஒரு மழை விட்ட பிறகு அங்கே ஒரு செப்புக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் தேய்ந்த மாடு, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து கடப்பாரையும் கையுமாகத்தான் திரிந்தான். ஒரு மத்தியானம், கண்ணில் பட்ட காசு ஒன்று மண்ணுக்குள் நழுவியது. எடுக்கக் கையை விட்டான். கை போனது, தோள் போனது, கிணற்றில் முங்குகிற மாதிரி முழு ஆளும் போய்விட்டான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் போனான் என்று பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார். மண் பழையபடி மூடிக்கொண்டது. ஆள் இருக்கும் இடம் தெரிவதால் காணாமல் போனவன் என்று எழுத முடியாது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தார். மேலே மட்டுமில்லை, கீழேயும் கம்பெனி நிலம்தான், அவர் அத்துமீறி உள்ளே இருக்கிறார், வந்ததும் சொல்லி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செங்கமலம் அழுது முடித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனாள். காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அவளுக்கு வேலை. முழு ஷிஃப்டும் நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். புருஷன் செத்திருந்தால் லீவு கொடுத்திருப்பார்கள், கீழே போனதற்கு லீவு கிடையாது. கொஞ்ச நாள் கழித்து நிலத்தின் மேல் ஓர் ஓட்டைக் காலணா கிடந்தது. கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தது, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அப்படித் தேய்ப்பது ஏகாம்பரத்தின் பழக்கம். ஆள் உயிரோடுதான் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு கீழேயிருந்து காசு வந்துகொண்டே இருந்தது. மண்ணுக்குள் கிடைப்பது சர்க்காருக்குச் சேர வேண்டும் என்று யாரோ சொன்னதால் எல்லாவற்றையும் தாலுகா ஆபீசில் கொண்டு போய்க் கொடுத்தாள். அவர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏன் சுடுகிறது என்று ஒரு தடவை கேட்டதோடு சரி.

அந்த ஐப்பசியில் நிலத்தில் போர்டு நட்டார்கள். குடோன் வரப் போகிறது. ஜேசிபி கருவேலத்தை வழித்துத் தள்ளியது, சுற்றுச்சுவர் எழும்பியது. சைட் சூப்பர்வைசர் நல்ல மனிதர், கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார். மாசியில் தரை போடுவார்கள். ஒரு முழ உயரத்துக்குக் கான்கிரீட், உள்ளே கம்பி, மேலே கன்டெய்னர் நிற்கும். அதற்குப் பிறகு கீழே இருக்கிற ஆள் மேலே வருவது நடக்காது. அதற்குள் அவன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று கண்டுபிடித்து வெளியே எடுத்தாக வேண்டும். காசு இருக்கும் இடத்தில் ஆள் இருப்பான் என்று செங்கமலம் நினைத்தாள். ஆனால் ஜேசிபி புரட்டிப் போட்ட மண்ணில் காசு கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. மிஷின் வேண்டியிருந்தது அதற்குத்தான்.

படப்பையில் முனியம்மாள் என்பவரின் லைன் வீட்டில் அவள் குடியிருந்தாள். அடுத்த ரூமில் பேச்சி. தென்காசிப் பக்கத்துப் பெண், அதே கம்பெனி, அதே லைன். வார லீவில் இரண்டு பேரும் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளாக ஏறி இறங்கிக் கடைசியில் மோகன் என்பவனின் கடையில் நின்றார்கள். அவன் முதலில் கைத்தடி மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினான். செங்கமலம் அதைத் தொடவே இல்லை. "இத்த வெச்சி தான் டெய்லி எங்க கேட்ல தடவுறாங்க. இது துணியத் தாண்டி எங்க மண்ணுக்குள்ள போவப் போவுது," என்றாள். இரண்டாவது மஞ்சள் கலரில் பொம்மை மாதிரி இருந்தது. இருப்பதிலேயே விலை குறைவு.

"இது எல்லாத்துக்கும் கத்தும்க்கா," என்றான் மோகன். "ஆணி, பாட்டில் மூடி, குட்கா பாக்கெட்டு, எது இருந்தாலும் கத்தும். இன்னாத்துக்குக் கத்துதுன்னு நீதான் கண்டுபுடிக்கணும்."

"அப்போ எனக்கு வரப்போற மாமியாருக்கு உடன்பொறப்பு," என்றாள் பேச்சி.

மூன்றாவது மிஷினில் ஸ்கிரீன் இருந்தது. இரும்பு கிடந்தால் வாயைத் திறக்காது, செம்போ வெள்ளியோ இருந்தால் மட்டும் டிங் என்று சொல்லி நம்பர் காட்டும். விலையைக் கேட்டதும் பேச்சி அதன் மேலிருந்து கையை எடுத்துவிட்டாள். அதே மிஷின் பழையது ஒன்று இருப்பதாக மோகன் உள்ளேயிருந்து கொண்டுவந்தான். "ஒரே ஒரு பட்டன் வேல செய்யாது. இரும்புக்கும் கத்த வெக்கிற பட்டன். உனக்கு எதுக்கு அது? நீ இன்னா பேரீச்சம்பழத்துக்குப் போடவா தேடப் போற? ஆமா, எத்தத் தேடுற, புதையலா?"

"எங்க வூட்டுக்காரரு," என்றாள் செங்கமலம். "காசு மேல வுட்டுகினே கீறாரு. காசப் புடிச்சா ஆளப் புடிச்சிடலாம்."

"எவ்ளோ ஆழத்துல கீறாரு?"

"தெரிலப்பா."

மோகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் பழைய மிஷின்தான் சரி, மஞ்சளுக்கு ஆழம் கொஞ்சம் கம்மி என்றான். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரகடத்துப் பக்கம் மண்ணில் பாதி இரும்பு. போல்ட்டு, நட்டு, வெல்டிங் ராடு துண்டு, கட்டுக்கம்பி, லேத்தில் சீவிய சுருள். அதற்கெல்லாம் கத்துகிற மிஷினை வைத்துக்கொண்டு ஒரு அடி நகர முடியாது. அந்த வருட போனஸ் சரியாகப் போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வந்த நாளெல்லாம் வேலை விட்டதும் நேராக நிலத்துக்குப் போனாள். வாட்ச்மேன் அவளுக்குக் கேட்டைத் திறந்துவிடுவார். மிஷின் நல்ல மிஷின். இரும்பின் மேல் போகும்போது மூச்சு விடாது, காசின் மேல் போனால் தப்பாமல் டிங் என்கும். தோண்டுவாள், காசு இருக்கும், ஆள் இருக்க மாட்டான். புதிதாக வந்த காசு கூட, முன்பு போல இல்லாமல், அவள் எடுக்கும்போது ஆறிப் போயிருந்தது. காசு கிடப்பதெல்லாம் அவன் வந்து போன இடம், இருக்கும் இடம் இல்லை என்று அவளுக்கு லேசாகப் புரிந்தது, ஆனால் வேறு வழி தெரியவில்லை. மார்கழி போனது, தை போனது. நாளெல்லாம் நின்று வீங்கிய காலோடு அந்த மேடு பள்ளத்தில் நடந்து நடந்து, சில நாள் சாப்பிடாமலே ரூமில் வந்து விழுந்தாள். லைனில் கை தானாக ஒயர் கட்டியது. சூப்பர்வைசர் பெண் வந்து, "இன்னாக்கா, கண்ணத் தொறந்துகினே தூங்குற," என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு மறுபடி கட்டினாள்.

மாசி பிறந்த வாரம், ஷிஃப்ட் விட்டு வெளியே போகிற வரிசையில் நின்றிருந்தாள். முன்னால் ஒரு பையன். ஆக்சிடெண்ட் ஆகி லீவு முடிந்து வந்தவன். செக்யூரிட்டி கைமிஷினால் தடவியதும் அவன் தோளில் கூவியது. "கம்பியா?" என்றார் செக்யூரிட்டி. "ஆமாண்ணே, கம்பி." "சரி, போ." நொண்டிக்கொண்டு வேலைக்குப் போன காலத்தில் ஏகாம்பரமும் தினமும் கேட்டில் இதே சொல்லைச் சொல்லிவிட்டு வெளியே வந்தவன்தான். ரூமுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். செங்கமலம் வெளியே வந்து பஸ் ஏறாமல் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே வந்த பேச்சி பக்கத்தில் நின்றாள்.

"அந்தாளு கால் பூரா இரும்பு, பேச்சி. நான் இரும்ப ஒதுக்குற மிஷின எடுத்துகினு அவரத் தேடிகினு கீறேன். இவ்ளோ நாளும் தல மேலயே நடந்திருக்கேன்."

"மிதிச்சிருப்பியளோ?"

"மிதிச்சிருப்பேன்."

"மிதிச்சா என்னக்கா, பொண்டாட்டிதான," என்றாள் பேச்சி. "எந்திரிங்க, பஸ்ஸு போவுது பாருங்க."

அடுத்த வார லீவில் மோகன் கடையில் பெரிய மிஷினைக் கொடுத்துவிட்டு மஞ்சள் மிஷினைக் கேட்டாள். பெரியதைக் கொடுத்து சின்னதை வாங்கிக்கொண்டு போகிற முதல் ஆள் நீதான் என்றான் மோகன். காரணத்தைச் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆளைத் தேடுகிறேன் என்று சொன்னவளிடம் ஆளுக்குள் என்ன இருக்கிறது என்று தான் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி, காதில் மாட்டுகிற ஹெட்போன் ஒன்றைச் சும்மா கொடுத்தான்.

பேச்சியைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்து நேராக நிலத்துக்குப் போனாள். பாதி நிலத்தில் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். காலையில் மிக்சர் லாரி வரும் என்றார் சைட் சூப்பர்வைசர். கம்பி கட்டிய பாதியில் மிஷினைக் கொண்டு போகவே முடியாது, ஒரே அலறல். அவன் அந்தப் பக்கம் இருந்தால் அவ்வளவுதான். மீதிப் பாதியில் இறங்கினாள். மோகன் சொன்ன மாதிரியே மஞ்சள் மிஷின் ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. போல்ட்டுக்குக் கத்தியது, ஆணிக்குக் கத்தியது, யாரோ குடித்துப் போட்ட பாட்டில் மூடிக்குக் கத்தியது. தோண்டுவதற்கு நேரம் இல்லை. வெயிலில் நின்று வெறுமனே கேட்டாள். வெகுநேரம் கேட்ட பிறகு ஒன்று பிடிபட்டது. மற்ற சத்தமெல்லாம் கிடந்த இடத்தில் கிடந்தது. சுவர் ஓரமாக ஒரு சத்தம் மட்டும் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போகும், நிற்கும், இழுத்துக்கொண்டு மறுபடி போகும். அந்த நடை அவளுக்குத் தெரிந்த நடை. ஓடிப் போய் அதன் மேல் நின்றாள்.

"யோவ்," என்றாள்.

சத்தம் நின்றது. அவள் கால் விரலுக்குப் பக்கத்தில் மண் விரிந்து, பளபளவென்று ஒரு காசு மேலே வந்தது. செங்கமலம் அதைக் குனிந்து எடுக்கவில்லை. கட்டைவிரலால் திரும்ப உள்ளே அழுத்தினாள்.

"காசு வேணாம்யா. நீ வா. நாளைக்கு மேல மூடிடுவாங்க."

படுத்திருக்கிற ஆள் எழுந்து உட்காரப் பார்ப்பது போல மண் ஒரு ஆள் நீளத்துக்கு உப்பியது, உப்பி மறுபடி அமுங்கியது. இரண்டாம் தடவையும் அப்படியே. மண்வெட்டி வாங்கித் தோண்டினாள். எவ்வளவு தோண்டினாலும் அவன் அவ்வளவு கீழே இருந்தான். அவனால் மேலே வர முடியவில்லை, வரப் பிடிக்காமல் இல்லை, அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரிந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என்னால முடிலயா. எத்தினி நாளுதான் நின்னுகினே இருக்கறது. நான் வூட்டுக்குப் போறேன். மேல வராட்டி போ, கீழயே கூட வா," என்று சொல்லிவிட்டு எழுந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மிஷினைத் தரையோடு தரையாகப் பிடித்தபடி கேட்டைப் பார்த்து நடந்தாள். சத்தம் பின்னாலேயே வந்தது.

படப்பை வரைக்கும் நடந்துதான் போனார்கள். பேச்சி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். ஒரு ஷேர் ஆட்டோக்காரன் நிறுத்தி, "ஏறும்மா, படப்பைதானே," என்றான். ரெண்டு பேரு ஏறலாம், ஒருத்தரால ஏற முடியாது, நீ போப்பா என்றாள் செங்கமலம். மெயின் ரோட்டைக் குறுக்கே கடக்கும்போது தார் லேசாக எழும்பி இறங்கியது. ஒரு கன்டெய்னர் லாரி அதை வேகத்தடை என்று நினைத்து பிரேக் போட்டது. வழியில் பெட்ரோல் பங்க் பக்கம் மட்டும் அவன் ரொம்ப நேரம் நின்றுவிட்டான். கீழே டேங்க் இருக்கும், சுற்றிக்கொண்டு வரட்டும் என்று அவர்களும் நின்றார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ரூமில் டைல்ஸ் நான்கு பெயர்ந்துகொண்டன. முனியம்மாள் வந்து பார்த்தாள். ஒருத்திக்குத்தான் விட்டேன் என்றாள். செங்கமலம் மிஷினை மூலையில் சாய்த்து வைத்தாள். முனியம்மாள் பெயர்ந்த டைல்ஸைக் காலால் தட்டிப் பார்த்தாள். தண்ணி செலவு இல்லை, கரண்ட் செலவு இல்லை, டைல்ஸை மட்டும் போட்டுக் கொடுத்துடு என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் காலை வடக்குப்பட்டில் கான்கிரீட் போட்டார்கள்.

டைல்ஸ் மறுபடி போடவில்லை, சிமெண்ட் பூசிவிட்டார்கள், அவனுக்கு அதுதான் ஒத்து வந்தது. மழைக்காலத்தில் முனகுவான், வெயில் காலத்தில் சத்தமே இருக்காது. மிஷின் இப்போது அவளுக்குத் தேவைப்படவில்லை. பேச்சி தன் கல்யாணத்துக்கு ரூமைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனபோது அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், அவளுக்கும் அங்கே தேட ஒரு ஆள் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் செங்கமலம் சுவரில் சாய்ந்து காலை நீட்டுவாள். கொஞ்ச நேரத்தில் குதிகாலுக்கு நேர் கீழே சிமெண்ட் வெதுவெதுப்பாகும். கட்டைவிரலால் தேய்ப்பது போல, மெதுவாக, வீக்கம் வடிகிற வரைக்கும். அவள் அப்படியே தூங்கிப் போவாள்.

போன மாதம் பேச்சியின் ரூமைப் பார்க்க ஒரு புதுக் குடும்பம் வந்திருந்தது. கணவர் மறைமலை நகரில் வேலை கிடைத்து வந்தவர். முனியம்மாள் பூட்டைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மாடியில துணி காய வெக்கலாம், வண்டி உள்ள வுடலாம், மோட்டார் காலைல ஒரு வாட்டி தான் போடுவேன், பக்கத்து வூட்டு அக்காவோட வூட்டுக்காரரு தரைக்குக் கீழ கீறாரு, ஒரு தொந்தரவும் கெடையாது. அவர் மனைவி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, தண்ணீர் உப்பா என்று கேட்டாள்.

உப்புதான் என்றாள் முனியம்மாள்.