வியட்நாம் கோடு

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் விலை பேசும்போது யாரும் நாணயத்தின் பெயரைச் சொல்வதில்லை. "பதினெட்டரைக்கு முடிஞ்சுது" என்றால் ஜோடி பதினெட்டரை டாலர் என்று அர்த்தம். தாளிலும் வெறும் எண்தான் இருக்கும். ஏற்றுமதிப் பிரிவில் வருஷக் கணக்காக இப்படியே பார்த்துப் பழகியதில், எந்த எண்ணைக் கண்டாலும் டாலராகவே தெரிந்தது மோகனாவுக்கு. வினை அங்கேதான் வந்தது.

முதலாளி அப்துல் வஹீத் புதிதாக ஒரு தையல் யூனிட் போடுவதாக இருந்தார். ஆம்பூரிலேயே போடுவதா, வியட்நாமில் போடுவதா என்று பேச்சு. ஒரு நாட்டின் நாணயம் நிற்குமா கவிழுமா என்று தெரிய அதன் நிகர வெளிநாட்டுச் சொத்தைப் பார்க்க வேண்டுமாம். யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதில் அங்கே கொடுக்கவேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அது. வீட்டுக் கணக்குக்கும் அதற்கும் சைபர்களில்தான் வித்தியாசம். இரண்டு நாட்டுக்கும் இருபது வருஷத்துக்கு ஒப்பிட்டுப் படம் போடச் சொன்னார்.

மோகனாவும் போட்டாள். வியட்நாம் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. இந்தியா தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. வஹீதுக்கு வாயெல்லாம் பல். "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

மண் விழுந்தது தேவகி வாயில். தேவகி மோகனாவின் அக்கா. யூனிட் ஆம்பூரில் வந்தால் அவளுக்குத்தான் சூப்பர்வைசர் வேலை என்று மோகனா முதலாளியிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அதை நம்பிப் பழைய வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள் அந்தப் புண்ணியவதி.

பங்குதாரர்கள் வரப்போகிற அன்று காலையில் படத்துக்குத் தலைப்புப் போட உட்கார்ந்தபோதுதான், எண்களை எடுத்த பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை மோகனா படித்தாள். அந்தந்த நாட்டின் சொந்த நாணயத்தில். அடிப் பாவி! இந்தியாவுக்கு ரூபாய், வியட்நாமுக்கு டாங். ஒரு ரூபாய்க்கே முந்நூறு டாங் பக்கம் வருமே, கோடு ஏறாமல் என்ன செய்யும்? தலையில் அடித்துக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினாள்.

"சார், தப்பு பண்ணிட்டேன். ரெண்டையும் டாலர்னு நெனச்சுட்டேன். அது டாங்கு சார்!"

"இன்னாம்மா காலையிலயே பேஜாரு? கோடு மேல போவுதா இல்லியா?"

"அது நெசமான ஏத்தம் இல்ல சார். ஒரு மணி நேரம் குடுங்க."

வருஷத்துக்கு வருஷம் அன்றன்றைய மதிப்பில் டாலராக்கிப் புதுப் படம் போட்டாள். கோடுகள் இடம் மாறின. இந்தியா மேலே, வியட்நாம் வெகு தூரம் கீழே. அப்பாடா, அக்கா பிழைத்தாள் என்று மூச்சு வந்தது. மறுபடி ஓடினாள்.

வஹீத் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"அரே, நம்ம நாட்டுக்குத்தான் ஜாஸ்தியா?"

"ஆமா சார்! நம்ம ரூபா கவுறாது. இங்கயே போடலாம்."

"காசு ஜாஸ்தியா இருக்கற எடத்துல கூலியும் ஏறும்மா. அங்க கம்மி. அப்ப வியட்நாம்தான் கரெக்டு." அச்சடித்த தாளை மேசை மேல் வைத்துத் தட்டினார். "இதயே காட்டுவோம். சுபானல்லா, நல்லா பண்ணிருக்க."

எரியுமா எரியாதா? தப்புப் படத்துக்கும் வியட்நாம், சரியான படத்துக்கும் வியட்நாம். செவிடன் காதில் ஊதிய சங்கு! அந்தத் தாளைச் சுக்கு நூறாகக் கிழித்து அந்த மேசையிலேயே கொட்டலாம் போல ஆத்திரம் வந்தது. "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் நிற்கும்போது தேவகியின் போன்.

"கணக்க சரி பண்ணப் போறேன்னியே, இன்னாச்சுடி? யூனிட்டு இங்கதான?"

"இல்லக்கா. அங்கதான் போடறாரு. மொதல்லயே முடிவு பண்ணிட்டாரு போலக்கா."

தேவகி கேட்டாள், "அப்போ உன்ன எதுக்குடி வரையச் சொன்னாரு?"

"நாளைக்கு உன்ன மாதிரி யாராச்சும் ஏன் அங்கன்னு கேட்டா காட்டறதுக்கு" என்றாள் மோகனா.