பாழ்வீட்டு வான்கோழி

கேலிகோ வெல்ஸ் ஊருக்கு மேலே மலைக்குடைவில் இருக்கிற பழங்காலப் பாழ்வீடுகளிலிருந்து பானைச் சில்லு ஒன்றை எடுத்துப் பையில் போட்டவன், வண்டிக்குத் திரும்புவதற்குள் அவன் பின்னால் ஒரு வான்கோழி வந்து நின்றுவிடும். 1987 வசந்தத்தில் இது ஆரம்பித்தது. கார் என்ன வேகம் போனாலும் கோழி அவசரப்படாமல் நடந்தே கூட வரும், ஒஹாயோவானாலும் சரி, பாஸ்டனானாலும் சரி. சன்னலுக்கு வெளியே நிற்கும். கத்தாது, கொத்தாது, பார்க்கும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு மேல் தாங்கியவர்கள் குறைவு. சில்லைப் பஞ்சில் சுற்றி, ஒரு மன்னிப்புக் கடிதமும் எந்த அறையில் எந்த மூலையில் எடுத்தது என்று ஒரு படமும் வைத்து, பாழ்வீடுகளைப் பராமரிக்கிற அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எடுத்த இடத்திலேயே சில்லை வைத்தால் கோழி போய்விடும். ஒரு முழம் தவறினாலும் போகாது.

இந்தச் சுற்றுலாக் கூட்டத்தை வெல்டா தார்ப் மாதிரி கேவலப்படுத்தியவர் ஊரில் இல்லை. பதினோரு அறை மோட்டல் அவளுடையது. அகலத் தொப்பி, முதுகில் தண்ணீர்ப் பை, "ஆகா, என்ன அமைதி!" என்று உருகிக்கொண்டே குனிந்து பொறுக்குகிற வெட்கங்கெட்ட ஜென்மங்கள். கோழியோடு வந்து அறை கேட்டால், "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?" என்பாள். பாழ்வீட்டு அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கும் மன்னிப்புக் கடிதங்களை வாரம் தவறாமல் போய் உரக்கப் படித்துச் சிரிப்பாள். "ஊர்க்காரன் எவன் பின்னாடியாவது கோழி வந்திருக்கா? நாங்க அடுத்தவன் பொருள்ல கைவெக்கிற பரம்பரை இல்ல" என்பாள். இதைச் சொல்லும்போது அவள் கையில் இருக்கிற பேனா, அப்பா ஆர்வல் எங்கோ கிடைத்தது என்று கொடுத்த, கறுப்புக் கோடு போட்ட பழைய மண்கோப்பையிலிருந்து எடுத்தது. கோழிகள் வரத் தொடங்கிய அதே வசந்தத்தில், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரிலிருந்து ஏழு பேர் அவசரமாகக் குடிபோனார்கள். ஆர்வல் அதில் ஒருவர். நாற்பது மைல் தள்ளிப் போனார். அவர் வாசலில் நின்ற வான்கோழி பக்கத்து வீட்டுக்காரனுடையது என்றார். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போய்வந்த வெல்டா முப்பத்தைந்து வருஷம் அதை நம்பினாள்.

தொண்ணூற்றுநாலு வயதில் ஆர்வல் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அப்பா வாசலில் நின்ற அதே கோழி நெடுஞ்சாலையோரமாக நடந்து வந்து மோட்டல் வாசலில் அவளைப் பார்த்து நின்றது. மானம் கப்பலேறிவிட்டது. எதிர் பெட்ரோல் பங்க் ரீவா விடுவாளா? "ஏண்டி வெல்டா, உனக்கு இனிமே ஒரு ரூம் போதுமா?" என்று கத்தினாள். அப்பன் திருடினதைவிட, மூஞ்சிக்கு நேரே அத்தனை வருஷம் பொய் சொன்னானே என்பதில்தான் வெல்டாவுக்கு வயிறு எரிந்தது. எப்படியாவது அந்தக் கோழியைத் தொலைத்தால்தான் தலைநிமிர்ந்து நடக்க முடியும் என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே பொறுப்பிலிருந்த கார்லீன் ஹோப்பி இனத்துப் பெண். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் அவளுடைய முன்னோர்கள்.

"வாங்க வெல்டா. கடிதம் எழுதிட்டு வந்தீங்களா? பலகைல ஒட்டணுமே."

"கிண்டல் பண்ணாதே. இந்தா, வாங்கிக்கோ."

"எந்த அறைல எடுத்தாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? அவருதான் செத்துட்டாரே!"

கார்லீன் சிரிக்கவில்லை. "எங்க ஆளுங்க ஒரு காரணமாத்தான் இதை ஒரு இடத்துல வெச்சுட்டுப் போனாங்க. இடம் தெரியாம நான் வாங்கி என்ன பண்ண? அலமாரில வெக்கலாம். கோழி உங்ககூடத்தான் இருக்கும்."

மேலே இருநூற்றுப் பன்னிரண்டு அறைகள், அறைக்கு நாலு மூலை. வெல்டா தினமும் காலையில் கார்லீனிடம் சொல்லிவிட்டு ஏறுவாள். ஒரு மூலையில் கோப்பையை வைப்பாள். கோழி பார்க்கும், கழுத்தைத் திருப்பிக்கொள்ளும். மறுநாள் அடுத்த மூலை. இப்படி மூன்று வருஷம் போயிற்று. எல்லா அறையும் ஒரு சுற்று முடிந்து, வைத்த இடம் ஒரு முழம் தப்பியிருக்கலாம் என்று இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தபோது, அகலத் தொப்பிக்காரி ஒருத்தி போனைத் தூக்கிப் படமெடுத்தபடி, "அட, எவ்ளோ அழகு! உங்க கோழியா?" என்றாள்.

"ஆமா, என்னுதுதான். எங்கப்பன் திருடினதுக்கு வந்தது. கொஞ்சம் தள்ளி நில்லு, அந்த மூலைய இந்தச் சுத்துல இன்னும் பாக்கல" என்றாள் வெல்டா. தொப்பிக்காரி தள்ளி நின்றாள். கோழி வெல்டாவுக்கு முன்னால் அறைக்குள் போயிற்று.