எல்லா வீட்டுக்கும் ஒரே தலைவர்

எங்கள் குடியிருப்பின் அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே மதியத்தில் நான் தலைவனாகிவிட்டேன். கல்யாணமே ஆகாதவன். வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரத்தைக் கருக்குகிறவன்.

குடியிருப்புச் சங்கத்தில் நான் குமாஸ்தா. வீட்டு விவரமெல்லாம் டேட்டாபேஸுக்குப் போனதும், அதனிடம் கேட்கவும் திருத்தவும் நாலு வரி கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார்: "செலக்ட்னா எடுத்துப் பாக்கறது. அப்டேட்னா மாத்தறது. எந்த வீடுன்னு 'வேர்'னு இங்கிலீஷ் வார்த்தை போட்டுச் சொல்லணும். சொல்லலைன்னா எல்லா வீடும்தான்."

அந்த டேட்டாபேஸில் எங்கள் வீட்டுக்குக் குடும்பத் தலைவராக இறந்துபோன அண்ணன் பெயரே இன்னும் இருந்தது. அண்ணி முன்னறையில் தையல் வகுப்பு நடத்த அனுமதி கேட்டிருந்தாள். தலைவர் கையெழுத்து இல்லாமல் சங்கம் அனுமதிக்காது. வீட்டை ஓட்டுவதே அவள் மிஷின்தான். என் சம்பளம் பாதி மாதத்திலேயே மூச்சு வாங்கும்.

அப்பா தீர்ப்புச் சொன்னார்: "வீட்ல ஆம்பள இருக்கறப்ப அவ பேரா? உன் பேரைப் போடுடா. வகுப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். கையெழுத்துப் போடாதே."

"உங்க இஷ்டம் தம்பி" என்றாள் அண்ணி.

என் பெயரைத் தட்டினேன். 'வேர்' போட மறந்தேன். எல்லார் செல்போனுக்கும் செய்தி பறந்தது: உங்கள் குடும்பத் தலைவர் மாற்றப்பட்டார். பழைய பிரதி எடுத்துவைத்திருக்க வேண்டிய ஆள் யார் என்று டீச்சர் விசாரித்தார். அதுவும் நானே.

வீடு வீடாகக் கேட்டு எழுதக் கிளம்பினேன்.

முதல் வீட்டுக்காரர் மீசையைத் தடவினார். "நான்தான் தலைவர். எதுக்கும் இருங்க, உள்ள கேட்டுட்டு வரேன்."

பஸ் டிரைவர், "நேத்து வரைக்கும் நான். இப்ப நீதானாமே? மாசச் செலவுக்குக் குடுத்துட்டுப் போ" என்றார்.

மாடிவீட்டு நர்ஸம்மா, "தலைவர் தூங்கறார். கரண்டு பில்லா, பசங்க ஸ்கூலா, எதுன்னாலும் என்னைக் கேளுங்க" என்றார்.

"அப்ப உங்க பேரைப் போடட்டுமா?"

"ஐயய்யோ, அவரு மனசு கஷ்டப்படும்."

சாயங்காலம் வீடு திரும்பினேன். "நம்ம வீடு ஒண்ணுதான் சரியா இருக்கு, அதைத் தொடாதே" என்றார் அப்பா, பெருமையாக.

அவர் உள்ளே போனதும் அண்ணியின் மிஷின் எதிரில் உட்கார்ந்தேன். "அண்ணி, ஒரு வீடு விடாம கேட்டாச்சு. நம்ம வீட்டுக்கு யாரு தலைவர்?"

"மாமா சொன்னா சரி."

"மாமாவைக் கேக்கல."

"ஊர் என்ன சொல்லும் தம்பி?"

"ஊரைக் கேட்டுட்டுதான் வரேன். ஊருக்கே தெரியல."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. உள்ளறையில் அப்பா செருமினார். அந்தச் செருமலுக்கு எப்போதும் எழுந்து ஓடுகிறவள், இன்று எழவில்லை. மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"நான்தான்" என்றாள், உள்ளறைக்கும் கேட்கும்படி. "என் பேரை எழுதுங்க தம்பி. வகுப்புக்குக் கையெழுத்தும் நானே போடறேன்."