இருபத்து மூன்று ஊர்ப் புளியமரங்கள்

நசீருதீனின் கண்பார்வைக்கு நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆயிற்று. அதுவும் பெங்களூர்க் கடைக்காரனோடு அரைநாள் மல்லுக்கட்டி, இரண்டாயிரம் குறைத்த பிறகு.

புளி வியாபாரத்தில் காயைப் பார்த்து மரத்தைக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். நசீருதீன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். உலுக்கினால் எத்தனை கிலோ, சதை கறுக்குமா சிவக்குமா, எல்லாம் சொல்லிவிடுவார். போகிற பார்வை திரும்பாது என்று சேலத்து டாக்டர் கைவிரித்ததும், மகள் வஹிதாவைக் கூட்டிக்கொண்டு தொப்பூரிலிருந்து பொம்மிடி வரை இரண்டு வெயில்காலம் நடந்தார். அவர் பார்த்தார், அவள் எழுதினாள். பிறகு அந்த நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்க் கம்ப்யூட்டரில் ஊருக்கு ஒரு ஃபைலாக ஏற்றினாள். ஏற்றி முடித்த அன்றே நோட்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். பிளாப்பியில் ஒரு நகல் வைக்கலாமே என்றதற்கு, "நகல் இருந்தா ரகசியம் ரெண்டாயிடும்" என்றார். மண்டி நடத்துகிறவரிடம் அதற்குமேல் யார் பேசுவது?

இப்போது, எண்பத்தெட்டாம் வருஷக் கார்த்திகையில், அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள் தகரத்தைக் கல்லில் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம். தை பிறந்தால் குத்தகை பேச வேண்டும்.

ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்த மெக்கானிக் ராஜப்பன், பெட்டியை அணைத்து ஆறவைத்து, மூடியைக் கழற்றி மேஜை ஃபேனைத் திருப்பி வைத்தார். "இன்னொரு தடவதான் ஓடும்னு நெனச்சுக்குங்க பாய். சூடாச்சுன்னா நின்னுடும். புதுசா ஒண்ணும் அதுல எழுதக்கூடாது, வெளிய எடுக்கறது மட்டுந்தான். எது உசுரோ அத மொதல்ல சொல்லுங்க."

எதிர் பெஞ்சில் தீர்த்தகிரி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நசீருதீன் வாங்கும் சந்தையிலேயே அதே புளியை வாங்குகிறவர். டீ குடிப்பவரை எழுந்து போகச் சொல்ல முடியாது. சொன்னால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று தண்டோரா போட்டதாகிவிடும்.

"லாரி வாடகைக் கணக்கு எடுங்க" என்றார் நசீருதீன்.

அத்தாவின் முப்பது வருஷப் பழக்கம் வஹிதாவுக்குத் தெரியும். வேண்டிய சரக்கை முதலில் கேட்கவே மாட்டார். பக்கத்து மூட்டையைப் புரட்டுவார், அடுத்ததை முகர்வார், கிளம்பப் போகிறவர்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு, "சரி, இது என்ன வெல?" என்பார்.

"அத்தா, அத அப்பறம் பாக்கலாங்க..."

"நீ சும்மா இரு. அடுத்தது, மில்லுக்குப் போன லெட்டருங்க."

சத்தம் கனத்தது. ராஜப்பன் பெட்டியின் பக்கவாட்டில் கைவைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சுடுதுங்க பாய். இதெல்லாம்தான் முக்கியமா?"

"சாக்கு இருப்பும் எடுத்துடுங்க."

பொறுக்க முடியவில்லை. வஹிதா ராஜப்பனின் கையை விலக்கி, புதுப் பிளாப்பியைச் செருகி, மரங்களின் ஃபைல்களை எடுக்கத் தானே கட்டளை அடித்தாள். ஓர் ஊர் வந்தது. இரண்டு. மூன்று. நாலாவது வந்ததும் உள்ளே கிரீச்சென்று ஓர் இழுப்பு. திரை அப்படியே நின்றது. ராஜப்பன் அணைத்து, அரைமணி ஆறவைத்து மறுபடி போட்டார். பெட்டிக்குள் விசிறி மட்டும் சுற்றியது.

"அவ்ளோதாங்க."

தீர்த்தகிரி டம்ளரைக் கீழே வைத்தார். "என்னாங்க பாய், மரக் கணக்கயா கடைசில வெச்சீங்க? நீங்க அப்பாவும் மகளும் மரம் மரமா நின்னு எழுதினத ஊரே பாத்துச்சே. நோட்ட எரிச்சதுகூட எங்க வூட்டுக்காரிக்குத் தெரியும். எங்கிட்ட மறைச்சு என்னாத்துக்கு?"

அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் வஹிதாவுக்கு இன்னும் எரிந்தது.

நசீருதீன், "எத்தினி வந்துச்சு?" என்றார்.

வஹிதா ஒரு தாளை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினாள். அவர் அதை மூக்கில் முட்டக் கொண்டுபோய், விரலால் வரிவரியாகத் தடவினார்.

லாரி வாடகை: முழுசும்.
லெட்டர்: முழுசும்.
சாக்கு: முழுசும்.
ஊர் 23. வந்தது 4.
மரம் 1140. வந்தது 212.
பாக்கி 928.