கேண்டீன்காரியின் புகார்

புதிய போலீஸ் கட்டடத்தின் வாசலில் நின்ற மலாய்ப் பையன் என்னிடம் அடையாள அட்டை கேட்டான். என்னிடம்! இவன் பிறப்பதற்கு முன்பே ஈப்போ போலீசுக்குத் தேத்தண்ணியும் கோப்பியும் கலக்கிக் கொடுத்தவள் நான்.

"ரிப்போட்டா, மக்சிக்?" என்றான். அத்தையாம் நான் அவனுக்கு.

தலையாட்டிவிட்டேன். வேறு என்ன சொல்லி உள்ளே போவது?

என் கேண்டீன் இருந்த பழைய ஸ்டேஷன் வெள்ளைக்காரன் கட்டியது. பேராக்கின் முதல் போலீஸ்காரர்கள் சீக்கியர்கள், எல்லாம் தைப்பிங் பக்கம்தான் ஆரம்பம் என்று சார்ஜன் ஐயாவு கோப்பி ஆறும்வரை அளப்பார். யார் எந்தப் பிரிவு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டிராஃபிக்காரன் வெயிலில் நின்று வந்து ஐஸ் கேட்பான். போதைப்பொருள் பிரிவுக்காரன் தூங்காத கண்ணோடு பால் விடாத கோப்பி ஓ கேட்பான். சாதாரணச் சட்டையில் வந்து, வாசலையே பார்த்து உட்கார்ந்து, வாய் திறக்காமல் போகிறவன் ஸ்பெஷல் பிராஞ்ச். ரகசியப் போலீசாம், ஊருக்கே தெரியும்!

ஸ்டேஷன் இடம் மாறியது. புதிய கேண்டீனை வேறு யாரோ எடுத்தார்கள். ஐயாவு ஓய்வு பெற்று ஹுத்தான் மெலிந்தாங் போய்விட்டார். "போன் பண்றேன்லா ராக்காயி" என்றார். எங்கே பண்ணினார்? புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்தான், மகள் சிங்கப்பூரில். மனிதக் குரல் கேட்கட்டும் என்றுதான் வீட்டில் டிவி போடுகிறேன். நேற்று முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது தெரிந்த முகம் நின்று பேசாதா என்றுதான் பஸ் ஏறி வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

நம்பர் சீட்டோடு உட்கார்ந்தேன். எல்லாம் புது முகங்கள். தெரிந்தவன் டிராஃபிக் கனகராஜ் மட்டும், போனில் பேசிக்கொண்டே கடந்து போனான். "தம்பி!" என்று எழுந்தேன். லிஃப்ட் மூடிக்கொண்டது. அதற்குள் என் நம்பர் போய்விட்டது. வேறொன்று எடுத்தேன்.

கவுண்டரில் தமிழ்ப் பெண். சட்டையில் சாந்தினி என்று பெயர்.

"சொல்லுங்கம்மா, என்ன ரிப்போட்?"

வீட்டில் திருட்டு என்று சொல்வதாக பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. அவள் உதடெல்லாம் காய்ந்து கிடந்தது.

"காலையிலேருந்து ஏதாச்சும் குடிச்சியாம்மா நீ?"

கம்ப்யூட்டரில் இருந்த அவள் விரல்கள் நின்றன. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நம்பருக்கு மணி அடித்தது. பின்னால் ஒரு சீனக் கிழவர் எழுந்து நின்றார். நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.